எவென் மொழியை இன்று யார் பேசுகிறார்கள்?

கேள்வி இதுதான்: சைபீரியாவில் எவென் என்று ஒரு மொழி இருக்கிறதாமே, இன்றைக்கு அதை எத்தனை பேர் பேசுகிறார்கள், அழிந்துகொண்டிருக்கிறதா, வெளியாள் ஒருவர் கற்றுக்கொள்ள வழி உண்டா?

எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எவென் இனத்தவர் என்று பதிந்துகொண்டவர்கள் 22,000 பேர் அளவில். மொழி தெரியும் என்று சொன்னவர்கள் 5,700 பேர் அளவில். அதற்கு முந்தைய 2002 கணக்கெடுப்பில் இனத்தவர் சுமார் 19,000, மொழி தெரிந்தவர்கள் 7,000 சொச்சம். எட்டு வருடத்தில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள், மொழி குறைந்திருக்கிறது.

இந்த எண்களை நான் பெரிதாக நம்புவதில்லை. கணக்கெடுக்க வந்தவர் "மொழி தெரியுமா?" என்று கேட்டால், பாட்டி பேசுவது புரியும், திருப்பிப் பேச வராது என்பவரும் ஆமாம் என்பார். விழாவில் நாலு பாட்டு பாடுகிறவரும் ஆமாம் என்பார். நாள் முழுக்க அந்த மொழியிலேயே மான் மேய்க்கிறவரும் ஆமாம் என்பார். மூன்று பேரும் ஒரே கட்டத்தில் விழுகிறார்கள். கேட்க வேண்டியது வேறு: ஐந்து வயதுப் பிள்ளை அம்மாவிடம் அடம்பிடிக்கும்போது எந்த மொழியில் அடம்பிடிக்கிறது? இதற்கு "எவென்" என்று பதில் வருகிற ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற இடங்களில் பாட்டி எவெனில் கேட்கிறாள், பேரப்பிள்ளை ரஷ்ய மொழியிலோ, அண்டை இனமான சாஹா (யாகுத்) மக்களின் மொழியிலோ பதில் சொல்கிறது. இருவருக்கும் புரிகிறது, உரையாடல் நடக்கிறது, யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரிவதில்லை. மொழி கைமாறாமல் நின்றுபோவது பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான்.

பெயர்க் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவோம். எவென் வேறு, எவெங்கி வேறு. இரண்டும் துங்குஸ் குடும்பத்தின் வடக்குக் கிளையைச் சேர்ந்த அக்கா தங்கை. எவெங்கி அதிகப் பேர் கொண்டது, சைபீரியாவின் பெரும்பகுதியிலும் சீனாவிலும் பரவிக்கிடப்பது. எவென் அதற்குக் கிழக்கே, லேனா ஆற்றைத் தாண்டி, ஓகோட்ஸ்க் கடற்கரையிலும் கம்சாத்காவிலும் சுகோத்காவிலும் இருப்பது. சீனாவை ஆண்ட மஞ்சு அரசர்களின் மொழியும் இதே குடும்பம்தான், ஆனால் தெற்குப் பக்கத்து உறவு. எவெனை ஆங்கில எழுத்தில் தட்டி இணையத்தில் தேடினால் "கூட", "சமமான" என்று பொருள் தரும் சாதாரண ஆங்கிலச் சொல்லாகவே தேடுபொறி எடுத்துக்கொள்ளும். தேடுகிறவர்கள் பழைய பெயரான "லாமுத்" என்பதையும் சேர்த்துத் தேடினால் பிழைத்தார்கள்.

அந்த லாமுத் என்ற பெயர் "லாமு", அதாவது கடல், என்ற சொல்லிலிருந்து வந்தது. கடல் பக்கத்து ஆட்கள். 1639இல் இவான் மஸ்க்வீத்தின் என்ற கொசாக் (ரஷ்ய எல்லைப் படைவீரர்) தன் கூட்டத்தோடு பசிபிக் பக்கத்துக் கடற்கரையை எட்டியபோது, ரஷ்யர்கள் அந்தக் கடலையே லாமா கடல் என்று அழைத்தார்கள். பிறகு அது ஓகோட்ஸ்க் கடல் ஆனது. அந்தப் பெயரும் எவென்தான்: "ஒகாத்" என்றால் ஆறு. ரஷ்யர்கள் அதை ஒரு குறிப்பிட்ட ஆற்றின் பெயராக எடுத்துக்கொண்டார்கள், ஆற்றின் பெயர் கோட்டைக்குப் போனது, கோட்டையின் பெயர் கடலுக்குப் போனது. உலக வரைபடத்தில் இன்று ஒரு கடல் முழுக்க "ஆறு" என்று எழுதியிருக்கிறது. உலகத்திலேயே குளிரான ஊர் என்று காணொளிகளில் வரும் ஒய்ம்யகோன் இருக்கிறதே, அந்தப் பெயருக்கும் உறையாத நீர் என்று பொருள்படும் எவென் சொல்தான் மூலம் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

சரி, மொழி எப்படிப்பட்டது? தமிழ் தெரிந்தவருக்கு முதல் பார்வையில் ரொம்ப அந்நியமாக இருக்காது. வினை கடைசியில் வரும். வேர்ச்சொல்லோடு விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும். பெயரோடு வேற்றுமை உருபு சேரும், பத்துக்கு மேல் உருபுகள் உண்டு. "போய்ச் செய்" என்று நாம் இரண்டு சொல்லில் சொல்வதை வினைக்குள் ஒரு சின்ன விகுதியைச் செருகி ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நாம் என்பதும் நாங்கள் என்பதும் அங்கே தனித்தனி. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் "முத்", சேர்க்காவிட்டால் "பு" (பஸ் என்பதில் வரும் ப). ரஷ்ய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ரஷ்ய மொழிக்கு மாறிவிட்ட ஒரு வீட்டில் என்னென்ன போகும் என்று பட்டியல் போட்டால், இந்த வேறுபாட்டை நான் முதல் வரியில் எழுதுவேன். "நாளைக்கு இடம் மாறுகிறோம்" என்று ஒருவர் சொல்லும்போது நீயும் வருகிறாயா இல்லையா என்பது எவெனில் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

உடனே யாராவது "அப்படியானால் தமிழுக்கும் சைபீரியாவுக்கும் தொடர்பு" என்று கிளம்பிவிடக் கூடாது. ஒட்டுநிலை, வினை கடைசியில் வருவது, நாம் நாங்கள் வேறுபாடு எல்லாம் உலகத்தில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத எத்தனையோ மொழிகளில் உண்டு. இது உறவுக்குச் சான்று இல்லை. படிக்கத் தொடங்கும்போது நமக்குக் கொஞ்சம் சௌகரியம், அவ்வளவுதான்.

நம்மிடம் இல்லாத ஒன்றும் அதில் உண்டு. "என் தலை" என்று எவெனில் இரண்டு விதமாகச் சொல்லலாம். என் கழுத்துக்கு மேலே இருக்கிற என் தலை என்றால் ஒரு வடிவம். வேட்டையில் பங்காகக் கிடைத்த மானின் தலை, இப்போது என்னுடையது என்றால், நடுவில் ஒரு "ங்" சேர்ந்து வேறு வடிவம். உடம்போடு பிறந்தது ஒன்று, கைக்கு வந்துசேர்ந்தது இன்னொன்று. வேட்டையாடிப் பங்குபோட்டுச் சாப்பிடுகிற வாழ்க்கையில் இதன் தேவை புரிகிறது. அங்கே "நிமாத்" என்று ஒரு முறையே உண்டு: வேட்டையாடியவன் தான் வீழ்த்திய விலங்கைத் தானே வைத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவான், அவர் பங்கிடுவார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய மாதக் கணக்கு. வருடத்தை உடம்பின் மேல் எண்ணுகிறார்கள். நடுக்குளிர்காலம் உச்சந்தலை. "துகெனி ஹே" என்றால் குளிர்கால உச்சி, இன்று ஜனவரிக்கு அந்தப் பெயர். அங்கிருந்து ஒரு கையின் வழியாக இறங்க வேண்டும். "எவ்ரி மிர்", இறங்கும் தோள், பிப்ரவரி. அப்புறம் இறங்கும் முழங்கை, இறங்கும் மணிக்கட்டு, இறங்கும் புறங்கை என்று மே மாதம் வரை வந்து, விரல் மடக்கும் இடத்தில் கோடைக்குள் போய், மறு கையின் வழியாக ஏறத் தொடங்கும். "ஒய்ச்சிரி மிர்", ஏறும் தோள், டிசம்பர். மறுபடி உச்சந்தலை. காகிதம் வேண்டாம், நாட்காட்டி வேண்டாம். கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தா தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினால் எந்த மாதம் என்று குழந்தைக்குப் புரிந்துவிடும்.

மான் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் மொழி இன்று எங்கே இருக்கிறது என்பதற்கு விடையே அதில்தான் இருக்கிறது. ரெயின்டீர் என்று நாம் கேள்விப்படும் பனிமானைத்தான் எவென்கள் வளர்க்கிறார்கள். வளர்ப்பு மான் "ஒரான்", காட்டு மான் "புயுன்", சவாரி மான் "உச்சாக்". நம் ஊரில் கன்று, கிடாரி, காளை, எருது என்று பிரிப்பது போல, ஆண் பெண், வயது, கொம்பு, நிறம், குணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருப்பார்கள். சேணத்தை முதுகில் கட்டமாட்டார்கள். பனிமானின் முதுகு பாரம் தாங்காது. முன்னங்கால்களுக்கு மேலே, தோள்பட்டையில் கட்டி, கால்மிதி இல்லாமல், கையில் ஒரு கோலோடு ஏறி உட்கார்வார்கள். இதையெல்லாம் ரஷ்ய மொழியில் சொல்ல முடியாதா என்றால், முடியும். ஆனால் மந்தையில் ஐந்நூறு மான் நிற்கும்போது குறிப்பிட்ட ஒன்றைப் பிடித்து வா என்று சொல்ல எவெனில் ஒரே சொல் போதும், ரஷ்ய மொழியில் அரை வாக்கியம் வேண்டும். அதற்குள் மான் போய்விடும். மேய்ச்சல் நிலத்தில் மொழி தாக்குப்பிடிப்பதற்குப் பண்பாட்டுப் பற்று மட்டும் காரணம் இல்லை, வேலை அதைக் கேட்கிறது.

அப்படியானால் எங்கே உடைந்தது? ஓகோட்ஸ்க் கடற்கரையிலிருந்தே பார்க்கலாம். 1929இல் நாகாயெவோ விரிகுடாவில் சோவியத் அரசு ஒரு "கிழக்கு எவென் கலாச்சார நிலையம்" கட்டியது. பள்ளி, மருத்துவமனை, கால்நடை மருத்துவர் என்று சுற்றியிருந்த எவென்களுக்காக ஏற்பட்ட இடம். 1930களின் தொடக்கத்தில் ஓகோட்ஸ்க் எவென் தேசிய வட்டாரம் என்று நிர்வாகப் பிரிவு ஒன்றும் இருந்தது. ஆனால் கொலிமா ஆற்றுப் பகுதியில் தங்கம் கிடைத்துவிட்டது. 1931இல் டால்ஸ்ட்ரோய் என்ற அமைப்பு உருவானது, கைதிகளைக் கொண்டு தங்கம் எடுக்கும் அமைப்பு. எவென்களுக்கான நிலையம் இருந்த அதே இடம் மகதான் நகரமாகி, குலாக் என்ற சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு வாசலானது. 1934இல் தேசிய வட்டாரம் கலைக்கப்பட்டது. எவென் பெரும்பான்மையாக இருந்த கரையில் சில வருடங்களிலேயே எவென்கள் சிறுபான்மையானார்கள். மகதானுக்குப் பக்கத்தில் அர்மான் ஆற்றங்கரையில் பேசப்பட்ட அர்மான் வட்டார மொழி, மற்ற எவென் வழக்குகளிலிருந்து வெகுவாக விலகி நின்றது. அது முழுதாகப் போய்விட்டது. ஆய்வாளர்கள் எழுதிவைத்த பக்கங்களில் மட்டும் இருக்கிறது.

இதில் ஒரு வினோதம் உண்டு. இந்த மகதான் பக்கத்து ஓலா என்ற இடத்தின் பேச்சைத்தான் எழுத்து மொழிக்கு அடிப்படையாக எடுத்தார்கள். ஓகோட்ஸ்க் பாதிரியார் ஒருவர் 1850களிலேயே ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்தில் அரிச்சுவடி தயாரித்திருந்தார், ஆனால் அது பரவவில்லை. முறையான எழுத்து 1930களின் தொடக்கத்தில், முதலில் லத்தீன் எழுத்தில் வந்தது. ஐந்தாறு வருடத்தில் எல்லாவற்றையும் சிரிலிக்குக்கு மாற்றினார்கள். ஒரு எழுத்தில் படித்துத் தேறிய முதல் தலைமுறை ஆசிரியர்கள் இன்னொரு எழுத்தை மறுபடி கற்க வேண்டியதாயிற்று. லெனின்கிராடில் வேரா சின்சியஸ் என்ற மொழியியலாளர் 1947இல் இலக்கணம் எழுதினார். அவர் பங்கேற்ற ரஷ்ய–எவென் அகராதி 1952இலும் எவென்–ரஷ்ய அகராதி 1957இலும் வந்தன. நல்ல உழைப்பு, இன்றும் அவற்றைப் புரட்டாமல் எதுவும் நடக்காது. ஆனால் எல்லாம் கிழக்கு வழக்கை ஒட்டியவை.

எவென்களில் பெரும்பான்மையோர் வாழ்வது சாஹா குடியரசில், அதாவது யாகுத்தியாவில். ஓலாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே மேற்கில் வெர்கோயான்ஸ்க் மலைகளில் இருக்கிற குழந்தைக்குப் பாடப்புத்தகம் கிட்டத்தட்ட வேறு மொழி. ஒலி வேறு, விகுதி வேறு, சில அன்றாடச் சொற்களே வேறு. வீட்டில் பாட்டி சொல்வதைக் குழந்தை எழுதினால் பிழை. புத்தகத்தில் இருப்பதை வீட்டில் சொன்னால் பாட்டி சிரிக்கிறாள். எழுத்து மொழி ஒன்று வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளி, பத்திரிகை, நாடகம், சினிமா என்று நாலு பக்கமும் தாங்கினால்தான் பொது வழக்கு ஒன்று நிற்கும். அந்தத் தாங்கல் எதுவும் இல்லாமல் சில ஆயிரம் பேருக்கு ஒரு பொது வழக்கை வைத்தால், அது "உன் பேச்சு சரியில்லை" என்று சொல்லும் கருவியாக மட்டுமே மிஞ்சுகிறது.

அடுத்தது விடுதிப் பள்ளி. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெற்றோர் மந்தையோடு மலையில் இருக்கிறார்கள். பள்ளி கிராமத்தில். ஆகவே கோடை முடியும்போது ஹெலிகாப்டர் வந்து ஏழு வயதுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும், அடுத்த கோடையில் திருப்பிக் கொண்டுவரும். வருடத்தில் ஒன்பது மாதம் விடுதி. அங்கே பேச்சு ரஷ்ய மொழி. சொந்த மொழியில் பேசியதற்குத் தண்டனை வாங்கியதை நினைவுகூரும் பெரியவர்கள் வடக்கின் எல்லா இனங்களிலும் உண்டு. ஆனால் தண்டனையே இல்லாத இடத்திலும் விளைவு ஒன்றுதான். உச்சந்தலையிலிருந்து இறங்கும் தோளையும் முழங்கையையும் பிள்ளை விடுதிக் கட்டிலில் கழிக்கிறது. கன்று ஈனும் வசந்தகாலம்தான் மான் பற்றிய சொற்கள் அதிகம் புழங்கும் நேரம், அப்போது பிள்ளை வகுப்பறையில் இருக்கிறது. பத்து வருடம் இப்படிப் போனால் கோடைக்கால எவென் மட்டும் தெரிந்த இளைஞன் வருவான். அவன் கல்யாணம் செய்து பிள்ளை பெறும்போது வீட்டில் என்ன பேசுவான்?

இதோடு 1950, 60களில் சின்னச் சின்னக் குடியிருப்புகளை "எதிர்காலமில்லாதவை" என்று மூடி, எல்லோரையும் பெரிய கிராமங்களில் குவித்தார்கள். குடும்பமாக அலைந்தவர்கள் பிரிந்தார்கள்: ஆண்கள் அரசுப் பண்ணையின் மேய்ச்சல் அணியில் சம்பளத்துக்கு மலையில், பெண்களும் பிள்ளைகளும் கிராமத்தில். மந்தையும் அடுப்பும் ஒரே கூடாரத்தில் இருந்தவரை மொழிக்கு வேறு காவல் தேவைப்படவில்லை. 1991க்குப் பிறகு அரசுப் பண்ணைகள் சரிந்தன, மந்தைகளும் பல இடங்களில் கரைந்தன. விடுதிப் பள்ளியில் தப்பியதை இது தட்டிப் பறித்தது.

எல்லா இடத்திலும் ரஷ்ய மொழியே விழுங்கியது என்று நினைக்க வேண்டாம். யாகுத்தியாவில் பல ஊர்களில் விழுங்கியது சாஹா மொழி, அதுவும் சோவியத் காலத்துக்கு முன்பிருந்தே. எவெனோ பிதந்தாய் என்று ஒரு தேசிய மாவட்டம் 1989இல் உருவானது. பெயரிலேயே எவென் இருக்கிறது. ஆனால் அங்கே எவென்கள் பெரும்பாலும் சாஹா மொழிதான் பேசுகிறார்கள். முதலில் சொன்ன புதிருக்கு இங்கேதான் பாதி விடை. 1979இல் மொத்த எவென்கள் 12,500 அளவில், 1989இல் 17,000க்கு மேல். பத்து வருடத்தில் அத்தனை குழந்தைகள் பிறக்கவில்லை. அதுவரை சாஹா என்று பதிந்திருந்த குடும்பங்கள் "நாங்கள் எவென்" என்று திரும்பப் பதிந்துகொண்டன. சிறு இனங்களுக்கான உரிமைகள், சலுகைகள் அதற்கு ஒரு காரணம், பெருமை இன்னொரு காரணம். இனம் காகிதத்தில் திரும்பி வந்தது, மொழி கூட வரவில்லை. இதைச் சிலர் போலித்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொழி போன பிறகும் நான் யார் என்பது ஒருவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

சரி, பிள்ளைகள் இன்னும் பேசும் ஊர் எது? அடிக்கடி சொல்லப்படுவது செபியான் கியோல். யாகுத்தியாவில் கொபியாய் மாவட்டத்தில், வெர்கோயான்ஸ்க் மலைகளுக்குள், எண்ணூறு பேர் அளவுள்ள கிராமம். எவென்கள் பெரும்பான்மை, சாலை கிடையாது, சுரங்கமோ பெரிய தொழிலோ கொண்டுவந்து குவித்த வெளியாட்கள் இல்லை, மான் வளர்ப்பு தொடர்கிறது. இந்த நாலும் சேர்ந்த இடங்கள் குறைவு. அங்கே பேசுவது லாமுன்ஹின் என்ற மேற்கு வழக்கு. ஜெர்மன் மொழியியலாளர் பிரிகிட்டே பாக்கெண்டார்ஃப் அந்த வழக்கை நீண்டகாலம் ஆராய்ந்திருக்கிறார். அவர் காட்டிய ஒரு விஷயம் மொழியியல்காரர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. பொதுவாக ஒரு மொழி இன்னொன்றிலிருந்து சொற்களை வாங்கும், வாக்கிய அமைப்பை வாங்கும். வினை விகுதியை, அதுவும் நான், நீ, அவன் என்று மாறும் வரிசையோடு அப்படியே வாங்குவது மிக அரிது. லாமுன்ஹின் எவென் அதைச் செய்திருக்கிறது. "செய்ய வேண்டும்" என்ற கட்டாயப் பொருள் தரும் சாஹா வடிவத்தை அதன் ஆள்விகுதிகளோடு எடுத்து எவென் வினைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் சாஹாவும் தெரியும், ரஷ்யமும் தெரியும். மூன்று மொழிகளும் ஒரே சமையலறையில்.

இதைக் கேட்டு "கலப்படம்" என்று முகம் சுளிக்கிறவர்கள் எவென் படித்தவர்களிலேயே உண்டு. தூய எவென் வேண்டும் என்பவர்களின் வீட்டில் பேசுவது ரஷ்யமாகவும், கலப்பு எவென் பேசுகிறவர்களின் வீட்டில் பிள்ளைகள் எவென் பேசுவதாகவும் இருந்தால் நான் யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொலிமாப் பக்கம் பெரியோசவ்கா என்ற ஊர் இருக்கிறது. அந்த எவென்கள் 1950கள் வரை கூட்டுப்பண்ணையில் சிக்காமல் காட்டுக்குள் அலைந்தவர்கள், அதனால் பழைய பேச்சு நெடுநாள் தங்கியது. கம்சாத்காவின் நடுவில் எஸ்ஸோ, அனவ்காய் ஆகிய ஊர்கள், பிஸ்த்ரின்ஸ்கி மாவட்டம். ஓகோட்ஸ்க் பக்கமிருந்து 19ஆம் நூற்றாண்டில் மலை தாண்டி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அங்கே நடனக் குழுக்கள் உண்டு, விழாக்கள் உண்டு, சுற்றுலாப் பயணிகள் உண்டு. சரளமாகப் பேசுகிறவர்கள் வயதானவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? காகிதத்தில் நிலைமை மோசமில்லை. சாஹா குடியரசின் 1992 மொழிச் சட்டம், சிறு இனங்கள் சேர்ந்து வாழும் இடங்களில் எவெங்கி, எவென், யுகாகிர், டோல்கான், சுக்சி ஆகியவற்றை உள்ளூர் அரசு மொழிகளாக ஏற்றது. 2008இல் நாடோடிப் பள்ளிகளுக்கென்றே அங்கே தனிச் சட்டம் வந்தது. பிள்ளையை மந்தையிலிருந்து பிரிக்காமல் ஆசிரியர் மந்தையோடு போவது என்பது அதன் கரு. மொழிக்காக நடந்தவற்றில் உருப்படியான யோசனை இதுதான் என்பேன். விடுதிப் பள்ளி எங்கே வெட்டியதோ அங்கேயே தைக்கிறது. ஆனால் கூடாரத்தில் குளிர்காலம் முழுக்க இருந்து பாடம் நடத்த முன்வரும், மொழியும் தெரிந்த ஆசிரியரைத் தேட வேண்டும், அப்படி வருகிறவருக்குப் பெரும்பாலும் நாலைந்து மாணவர்கள்தான். அப்புறம் 2018இல் ரஷ்யக் கல்விச் சட்டத்தில் வந்த திருத்தம், தாய்மொழிப் பாடத்தைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டது. சாதாரணக் கிராமப் பள்ளியில் எவென் என்றால் வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம், நிறங்கள், எண்கள், விலங்குகள். ஏற்கெனவே பேசுகிற பிள்ளைக்கு அது போதாது, பேசாத பிள்ளைக்கு அது எட்டாது.

எழுத்துலகம் சின்னதுதான், ஆனால் இருக்கிறது. 1910இல் பிறந்த நிகொலாய் தராபுகின் லெனின்கிராடில் படித்து, 1930களில் கவிதைகளும் தன் இளமைக்கால நினைவுகளும் எழுதியவர். முதல் எவென் எழுத்தாளர் என்பார்கள். நாவலுக்குப் பிளாத்தோன் லாமுத்ஸ்கி. வசீலி லெபெதெவ் ஒரே நேரத்தில் கவிஞரும் மொழியியலாளரும். யாகுத்திய எவென் வழக்குகளைப் பற்றி அவர் எழுதியது இன்றும் உதவுகிறது. பெரியோசவ்காவில் பிறந்த வசீலி ரோப்பெக் தன் ஊர்ப் பேச்சையே ஆராய்ந்து நூலாக்கி, யாகுத்ஸ்கில் சிறு இனங்களுக்கான ஆய்வு நிறுவனத்தையும் உருவாக்கினார். தன் அம்மாவின் பேச்சுக்குத் தானே இலக்கணம் எழுதுவதற்கும் தலைநகரிலிருந்து வந்தவர் எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியங்களிலேயே அது தெரிந்துவிடும். பத்திரிகை என்றால் யாகுத்தியாவின் "இல்கென்". பல சிறு மொழிகளும் ரஷ்யமும் அதில் பக்கங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

கடைசிக் கேள்வி, வெளியாள் கற்க முடியுமா? முடியும், ஆனால் முதலில் ரஷ்ய மொழி கற்க வேண்டும். நல்ல அகராதிகள், பாடநூல்கள், கதைத் தொகுப்புகள் எல்லாம் ரஷ்யத்தின் வழியாகத்தான். ஆங்கிலத்தில் ஆந்த்ரே மல்சுகோவ் 1995இல் எழுதிய சிறிய இலக்கணம் இருக்கிறது. ஐம்பது பக்கம் கூட இல்லாத அளவு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டமைப்பு பிடிபடும். பீட்டர்ஸ்பர்கில் ஹெர்த்சென் பல்கலைக்கழகத்தின் வடக்கு மக்கள் நிறுவனத்தில் எவென் பாடம் உண்டு. எழுத்தும் சிக்கலில்லை: ரஷ்ய எழுத்துகளோடு "ங்" ஒலிக்கு வால் வைத்த ஒன்றும், நடுவில் கோடு போட்ட வட்டமான உயிரெழுத்து ஒன்றும், அதற்கே மேலே இரண்டு புள்ளி வைத்த ஒன்றும் கூடுதல். கைபேசியில் சாதாரண ரஷ்ய விசைப்பலகையில் இந்த மூன்றும் கிடைக்காது, அதனால் அவசரத்துக்கு இவை இல்லாமலே எழுதுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

புத்தகம் வாங்கும் முன் எந்த ஊர் எவென் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 1957 அகராதியை வைத்துக்கொண்டு செபியான் கியோல் பேச்சைப் புரிந்துகொள்ள உட்கார்ந்தால் பாதிச் சொல் கிடைக்காது. 2005இல் வந்த ரோப்பெக் அகராதியையும் கூடவே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒலிப்பதிவு. நெதர்லாந்தின் நெய்மெகன் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் மொழிக் காப்பகத்தில், பாக்கெண்டார்ஃபும் அவரோடு பணியாற்றியவர்களும் லாமுன்ஹின், கம்சாத்காவின் பிஸ்த்ராயா ஆகிய இரண்டு வழக்குகளிலும் எடுத்த பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. இரண்டிலும் ஒவ்வொரு கதையை எடுத்துக்கொண்டு அடுத்தடுத்துக் கேளுங்கள். லாமுன்ஹின் பதிவில் சாஹா வாசனை தூக்கலாக இருக்கும், கம்சாத்காப் பதிவில் இடையிடையே ரஷ்யச் சொற்கள் முழுசாக வந்து விழும். சொல் எதுவும் பிடிபடாவிட்டாலும் அது காதில் படும்.